வெற்றிலை வைத்த வாசல்

நெடுங்காலத்துக்கு முன்னால், இன்றைக்கு இருக்கிற ஊர்களில் பாதி கடலாகவும் மீதி காடாகவும் கிடந்தபோது, தென்கரையில் முரல்துறை என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை நின்றது. நான் சொல்லப்போவது அந்தக் கோட்டையின் கதை. அதன் வாசலில் ஏணி போட்டு ஏறிய ஒரு பெண்ணின் கதையும்தான். பெரியவர்களும் கேட்கலாம், சிறியவர்களும் கேட்கலாம். தூக்கம் வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளுங்கள், குறட்டைக்கு நடுவே என்னால் கதை சொல்ல முடியாது.

அது சின்னக் கோட்டை இல்லை. முக்கால் பாகம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்து அலை பனை உயரம் எழுந்து வந்து சுவரில் மோதும். சுவர் அசையாது, பார்க்கிறவர் நெஞ்சுதான் அசையும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள், உப்புத் தண்ணீர் உள்ளே தெறித்த பிறகுதான் மூடுவார்கள்.

அந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு வாசல். கடல்வாசல் என்று பெயர். உள்ளே போகிறவனும் அதன் வழியாகத்தான் போக வேண்டும், தோற்று வெளியே வருகிறவனும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். வாசலுக்கு மேலே ஒரே கல்லாலான உத்தரம். இத்தனை பெரிய கல்லை மனிதர்கள் எப்படித் தூக்கி வைத்தார்கள் என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

கோட்டையைக் கட்டியவன் ஒரு துறைத்தலைவன். அவன் பெயரைக் காலம் தின்றுவிட்டது. அவன் தன் குலச் சின்னத்தை அந்த உத்தரக்கல்லில் செதுக்கி வைத்தான். ஏதோ ஒரு பறவை என்று சொல்வார்கள். என்ன பறவை என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

ஏன் ஆளில்லை என்றால், வடக்கேயிருந்து குதிரைக்கொடி பிடித்த அரசன் ஒருவன் வந்தான். சண்டை நடந்தது. துறைத்தலைவனின் வீட்டார் உயிர் பிழைத்தால் போதும் என்று எந்தத் திசையிலோ ஓடிப்போனார்கள். குதிரைக்கொடி அரசன் கடல்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். அந்தப் பழைய சின்னத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தன் குதிரையைப் போடச் சொன்னான்.

யாரிடம் சொன்னான்? சுதைக்காரி வீட்டில் சொன்னான். முரல்துறையில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், சுண்ணாம்பு வேலை பெண்களுடையது. அதிலும் சுதைக்காரி வீட்டுப் பெண்கள் சிப்பியைச் சுட்டு, நீற்றி, குழியில் புளிக்க வைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டிப் பாகும் விட்டு இடித்து, அந்தச் சாந்தால் உருவங்கள் செய்வார்கள். அவர்கள் செய்த மாட்டைப் பார்த்து நிஜ மாடு கத்தியதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கை செய்த உருவத்தை இன்னொரு கை வெட்டக் கூடாது. மறைக்க வேண்டி வந்தால் அதன்மேல் வெற்றிலையைப் பரப்பி, "தூங்கு" என்று சொல்லிவிட்டு மேலே பூச வேண்டும். எந்த அரசன் சொன்னாலும் சரி, வழக்கம் அதுதான்.

ஆகவே அந்த வீட்டுப் பெண் ஏணி போட்டு ஏறினாள். வெற்றிலை வைத்தாள், சாந்து பூசினாள், அதன்மேல் குதிரையை எழுப்பினாள். அரசன் வந்து, பழையது போய்விட்டதா என்று கேட்டான். கண்ணுக்குத் தெரிகிறதா, அரசே என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றான் அரசன். அவன் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

குதிரையின் காலம் முடிந்தது. கடலுக்கு அப்பாலிருந்து கப்பல்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொடியில் நங்கூரம். குதிரையை வெட்டி எறியச் சொன்னார்கள். சுதைக்காரி வீட்டுப் பெண் ஏறினாள். வெற்றிலை வைத்தாள், சாந்து பூசினாள், அதன்மேல் நங்கூரத்தை எழுப்பினாள்.

நங்கூரத்தின் காலமும் முடிந்தது. மலைநாட்டு மன்னன் கரடிக்கொடியோடு இறங்கி வந்தான். நங்கூரத்தை வெட்டி எறியச் சொன்னான். சுதைக்காரி வீட்டுப் பெண் ஏறினாள். வெற்றிலை வைத்தாள், சாந்து பூசினாள், அதன்மேல் கரடியை எழுப்பினாள்.

இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசியதில் உத்தரக்கல் முன்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. வருகிறவனையெல்லாம் விழுங்கி விழுங்கிக் கோட்டைக்குத் தொந்தி போட்டுவிட்டது என்று ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

கரடியை எழுப்பியவளின் மகள்தான் நம் கதைப் பெண். அவள் பெயர் ஆவுடையாள். அவளுக்கு நல்லம்மை என்று வயதுக்கு வந்த ஒரு மகள் இருந்தாள். தாயும் மகளும் சேர்ந்து சாந்து இடித்தால் உலக்கைச் சத்தம் அலைச் சத்தத்தோடு போட்டி போடும்.

ஆவுடையாளின் காலத்தில் கரடியின் ஆட்சியும் முடிந்தது. யானைக்கொடி பறக்கும் ஒரு பேரரசின் படை வந்து கோட்டையைப் பிடித்தது. படைத்தலைவர் பெயர் மருதவராயர்.

மருதவராயர் உள்நாட்டுக்காரர், மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற வறண்ட சீமையில் பிறந்தவர். அதுவரை கடலைக் கண்டதே இல்லை. கோட்டையைப் பிடித்த அன்று காலை அவர் மணல்மேட்டில் ஏறி முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். குதிரையைவிட்டு இறங்கினார், செருப்பைக் கழற்றினார், வெறுங்காலோடு நெடுநேரம் நின்றார். அத்தனை சேனைக்கும் தலைவர், தண்ணீரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றுகிறாரே என்று வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நல்ல மனிதர்தான் அவர். ஆனால் பயந்த மனிதர். எதிரியிடம் பயமில்லை, தன் பேரரசரிடம்தான் பயம். வேறொரு கோட்டை வாசலில் பழைய எதிரியின் சின்னம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பேரரசர் அங்கிருந்த படைத்தலைவரின் தலையை எடுத்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் முரல்துறைக்கும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆகவே மருதவராயர் ஊரைக் கூட்டினார், ஆவுடையாளை முன்னால் நிறுத்தினார். உத்தரத்தில் இருப்பதையெல்லாம் வெறுங்கல் தெரியும் வரை உளியால் வெட்டி எறிய வேண்டும், பிறகு யானையை எழுப்ப வேண்டும் என்றார். பேரரசர் வரும்போது பழைய சின்னத்தின் ஒரு நகம் தெரிந்தாலும் பூசியவளின் இரண்டு கைகளும் வெட்டப்படும் என்றார். சொல்லும்போது அவர் கை இடுப்பு வாளின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஆவுடையாளின் கண் அந்தப் பிடிமேல் போயிற்று. கைகளை வெட்டுவேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் வேலைப்பாட்டைப் பார்க்கிற கண் அது, என்ன செய்வது? பிடியில் வெள்ளியில் ஒரு பறவை. அதன் வாலின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது, ஒரு கால் தூக்கியிருந்தது. அலகில் நீளமாக ஏதோ கவ்வியிருந்தது. விரல் பட்டுப் பட்டு எல்லாம் மழுங்கிப்போயிருந்தது.

அவள் பார்ப்பதை மருதவராயரும் பார்த்தார். அது தங்கள் குலத்துச் சின்னம், இரட்டைவால் குருவி கூடு கட்டக் குச்சி கொண்டுபோகிறது என்றார். தங்கள் முன்னோருக்குத் தண்ணீர் ஓரமாக ஒரு பெரிய வீடு இருந்ததாம், அதை இழந்துவிட்டார்களாம், மறுபடி கட்டத்தான் குருவி குச்சி எடுத்துப் போகிறதாம். அவருடைய தாத்தா அந்த வீட்டைத் தேடித் தங்கள் சீமையில் உள்ள ஏரிக்கரையெல்லாம் அலைந்தாராம். கடைசியில் ஒரு குளக்கரையில் சளி பிடித்துச் செத்துப்போனாராம்.

ஆவுடையாள் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஆம், எடுத்துக்கொண்டுதான் ஏறினாள். கை போனால் சுதைக்காரிக்கு என்ன மிச்சம்? அவள் புருஷனும் அதைத்தான் சொன்னான். ராசாக்கள் ராசாக்களை அழிக்கிறார்கள், உனக்கென்ன, வெட்டிப்போட்டுவிட்டு வந்து சோறாக்கு என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

உளியைக் கரடியின் காதில் வைத்தாள். அங்கே ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. ஈரச் சாந்தில் காதைக் குழித்தபோது அவள் அம்மாவின் விரல் அழுந்திய இடம். அம்மா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுடையது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ரேகை ஒன்றுதான். ஆவுடையாள் தன் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். அளவாகப் பொருந்தியது.

அழுதாள். உளியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். மகளிடம் வெற்றிலை வாங்கிவரச் சொன்னாள்.

ஆனால் ஒரு தப்பு செய்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மருதவராயர் ஆள்மேல் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். சிப்பிச் சுண்ணாம்பு குழியில் கிடந்து நன்றாகப் புளிக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். பாதி புளித்ததையே அவள் அள்ளினாள். நல்லம்மை தடுத்தாள்.

"அம்மா, இன்னும் புளிக்கலையே."

"கையை வெட்டுறவுக அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாகளா?" என்றாள் ஆவுடையாள்.

வெற்றிலை வைத்தாள், சாந்து பூசினாள், அதன்மேல் யானையை எழுப்பினாள். தூக்கிய துதிக்கையும் விரிந்த காதுமாக அருமையான யானை. மருதவராயர் வந்து பார்த்துவிட்டு, பழையது போய்விட்டதா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரிகிறதா, ஐயா என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்று அவர் சொன்னார், அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பிறகு புயல் வந்தது.

அந்தப் புயலைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை குறைவு. கடல் படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்து கோட்டையின்மேல் ஏறியது. தென்னைகள் வேரோடு பறந்தன. கரையோரக் குடிசைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஊர் முழுவதும் கோட்டைக்குள்தான் ஒதுங்கியது. யார் யார் எதிரி என்று கேட்க நேரமில்லாமல் வீரர்களும் மீனவர்களும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுவர் மட்டும் நின்றது. எத்தனையோ பேர் பிடித்து, எத்தனையோ பேர் விட்டுப்போன அந்தச் சுவர், உள்ளே இருப்பவர் யார் என்று பார்க்காமல் எல்லாரையும் காத்தது.

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. வாசலுக்கு வெளியே வந்த முதல் வீரன் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அடுத்தவனும் நின்றான். புளிக்காத சாந்து மழையில் கரைந்து யானை தலைகுப்புற மணலில் கிடந்தது. உத்தரத்தில் கரடி உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மருதவராயர் வந்தார். பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். பேரரசரின் வாள் தன் கழுத்தில் பட்டதுபோலக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். பிறகுதான் கோபம் வந்தது. ஆவுடையாளை இழுத்துவரச் சொன்னார். இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். நல்லம்மை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். தங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். உன் வீட்டு வழக்கத்துக்காக என் தலை போக வேண்டுமா என்று கேட்டார். போகக் கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். சொல் என்றார்.

"ஐயா, நீங்க வந்த மாதிரி ஒங்களுக்குப் பின்னாலயும் ஒருத்தர் வருவாரு. யாரும் வராத காலம்னு இந்த வாசலுக்குக் கெடையாது. அவரும் இதே எடத்துல நின்னு, அந்த ஆனையை வெட்டி எறின்னு சொல்லுவாரு. அன்னைக்கு ஏணியில ஏறப்போறது இந்தா நிக்கிற எம் மவ. நான் இன்னைக்கு என்ன செய்யுதேனோ அதைத்தான் அவ அன்னைக்குச் செய்வா. அவ கையில உளி இருக்கணுமா, வெத்தலை இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

மருதவராயர் நல்லம்மையைப் பார்த்தார். அவளுடைய கைகளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீரன் ஒருவன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு தாமே ஏணியில் ஏறினார். வெறுங்கல் தெரியும் வரை நானே உடைக்கிறேன், இறங்கி வந்து இவள் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினார்.

சம்மட்டியை ஓங்கி அடித்தார். இரவெல்லாம் ஊறிக் கிடந்த சாந்து அல்லவா, இலையடை இலையிலிருந்து உரிவதுபோலக் கரடி ஒரே பாளமாக உரிந்து கீழே விழுந்தது. அதன் அடியில் நங்கூரம் இருந்தது. நங்கூரத்தின்மேல் வெற்றிலையின் நரம்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி பதிந்திருந்தன. இலை மக்கிப் போயிருந்தாலும் அதன் தடம் போகவில்லை. கீழே நின்றவர்கள் 'ஐயோ' என்றார்கள்.

மறுபடி அடித்தார். நங்கூரம் உரிந்து விழுந்தது. அடியில் நான்கு கால் பாய்ச்சலில் குதிரை, அதன்மேலும் வெற்றிலைத் தடம். வயதான மீனவர் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கதையாகக் கேட்டதையெல்லாம் கண்ணால் பார்ப்போம் என்று அவர் நினைத்ததில்லை.

மூன்றாவது முறை அடித்தார். குதிரை விழுந்தது. வெறுங்கல் வந்தது.

ஆனால் அது வெறுங்கல்லாக இல்லை.

அதில் ஒரு பறவை இருந்தது. நேற்றுச் செதுக்கியதுபோல் ஒவ்வொரு இறகும் கூர்மையாக இருந்தது. வாலின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது, ஒரு கால் தூக்கியிருந்தது. அலகில் நீளமாக ஒன்றைக் கவ்வியிருந்தது. அதன் கண்ணில் வைத்திருந்த சோழி காலை வெயிலில் மின்னியது.

ஓங்கிய சம்மட்டி ஓங்கியபடியே நின்றது. மருதவராயர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் இடுப்பு வாளை உருவினார். யாரையோ வெட்டப்போகிறார் என்று கூட்டம் பின்வாங்கியது. அவர் வாளின் பிடியைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். பிடியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி பிடியைப் பார்த்தார். அதே பிளந்த வால், அதே தூக்கிய கால். அது சிறியது, இது பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பாமலே கேட்டார்.

"இது வாயில இருக்கிறது என்ன?"

"முரல் மீனு, ஐயா" என்றாள் ஆவுடையாள். அவளும் அந்தப் பறவையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள், அவள் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. "பறவை ஆலா. கடல்லதான் திரியும், ஒங்க சீமைப்பக்கம் வராது. முரலு கெடைக்கிற துறைன்னுதான் இந்த ஊருக்கே பேரு."

"எங்க வீட்ல குச்சின்னு சொல்லுவாங்க" என்றார் மருதவராயர்.

ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாத்தா ஏரி ஏரியாகத் தேடிச் செத்த வீடு இதுதான். இத்தனை சேனையோடு வந்து, இத்தனை பேரைக் கொன்று, அந்நியன் கோட்டை என்று நினைத்துப் பிடித்த இடம் தம் முப்பாட்டனின் வீடு. அந்த வீட்டின் அடையாளத்தைத்தான் வெறுங்கல்லாகும் வரை வெட்டி எறியச் சொன்னார், இல்லாவிட்டால் கையை வெட்டுவேன் என்றார். குதிரைக்காரன் சொன்னபோது ஒரு பெண் வெட்டவில்லை. கப்பல்காரன் சொன்னபோது ஒரு பெண் வெட்டவில்லை. கரடிக்காரன் சொன்னபோதும் ஒரு பெண் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கல் வெறுங்கல். பறவையின்மேல் வெற்றிலைக் கறை பழுப்பாகப் படிந்திருப்பதைப் பார்த்தார். யாரோ ஒருத்தி, தோற்று ஓடிப்போன அவருடைய குலத்தைப் பார்த்து, "தூங்கு" என்று சொல்லி மூடி வைத்திருக்கிறாள். படைத்தலைவர் அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார். சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இறங்கி வந்து ஆவுடையாளின் முன்னால் நின்றார். நீட்டிய கைகளை அவள் இன்னும் மடக்கவில்லை. அவற்றைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு மணலில் குனிந்தார். கரடி மூன்று துண்டாகக் கிடந்தது, நங்கூரம் நான்கு துண்டாகக் கிடந்தது, குதிரைக்குத் தலை தனியாகப் போயிருந்தது. தாம் உடைத்ததையெல்லாம் தாமே பொறுக்கினார். கரடியின் காதுத் துண்டைக் காணாமல் ஆவுடையாள் பதறியபோது அவரும் முழங்கால் போட்டு ஈர மணலைக் கிளறித் தேடினார். பெருவிரல் ரேகை அழியாமல் கிடைத்தது. எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் இந்த முறை சுண்ணாம்பு புளிக்கும் வரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்றாள் அவள். மழையில் பாதை கெட்டுக் கிடக்கிறது, மெதுவாக வரலாம் என்று பேரரசருக்கு ஆள் போனது.

பறவையின்மேல் முதல் வெற்றிலையை மருதவராயரே வைத்தார். 'தூங்கு' என்று சொன்னார். அதன்மேல் குதிரை, நங்கூரம், கரடி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின, ஒவ்வொன்றுக்கும் வெற்றிலை வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே யானை எழுந்தது. சாந்துக்கூடையைத் தலையில் சுமந்து வந்தவர் படைத்தலைவர். ஏணிக்குக் கீழே நின்று அவரை வேலை வாங்கியவள் நல்லம்மை. கூடையைச் சாய்த்தால் திட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார்.

ஒன்றே ஒன்று அவர் கேட்டுக்கொண்டார். யானையின் முதுகில் சின்னதாக ஒரு ஆலா உட்கார வேண்டும். பேரரசர் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். யானை என்றால் முதுகில் பறவை உட்காரும், பிரபு என்றார் மருதவராயர். அதுவும் பொய்யில்லையே.

காலம் ஓடியது. முரல்துறையில் காலம் ஓடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கழுகுக்கொடி பறக்கும் கப்பல்கள் அடிவானத்தில் வரிசையாக வந்து நின்றன. மருதவராயர் கிழவராகிவிட்டார். ஊரைத் தொடாமல் விட்டால் கோட்டையை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவருடைய வாளை வாங்கிக்கொண்டு, ஒரு ஊன்றுகோலைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வெள்ளிப் பறவை வாளோடு போய்விட்டது. அவருடைய குலத்துக்கு என்று கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடல்வாசலைக் கடக்கும்போது ஏணி ஒன்று சாய்ந்திருப்பதைக் கண்டு நின்றார். அண்ணாந்து பார்த்தார். பழையதையெல்லாம் வெட்டி எறியும்படி புதுத் தலைவனின் உத்தரவு வந்திருந்தது, நல்லம்மை மேலே ஏறியிருந்தாள். கீழே ஆவுடையாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. கூடையிலிருந்து ஒவ்வொரு வெற்றிலையாகத் துடைத்து, வெட்டப்படாமல் தப்பிய அதே இரண்டு கைகளால் மகளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கிழவரை ஆவுடையாள் பார்த்தாள். காவலர்கள் சுற்றி நின்றார்கள். கூடையில் தேடி, தளிராக ஒரு சின்ன வெற்றிலையை எடுத்து மேலே நீட்டினாள். யானையின் முதுகில் இருந்த சின்ன ஆலாவின்மேல் நல்லம்மை அதைத் தனியாக வைத்து விரலால் அழுத்தினாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் கேட்காவிட்டாலும் அவள் என்ன சொன்னாள் என்று மருதவராயருக்குத் தெரியும்.

அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் வெறுங்காலோடு நடந்து போனார். தோற்றுப்போனவர் நடை போலவே அது இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கோட்டைக்கு அதன் பிறகும் யார் யாரோ வந்தார்கள், யார் யாரோ போனார்கள். உத்தரத்தின் தொந்தி மட்டும் பெருத்துக்கொண்டே இருக்கிறதாம்.

கதை கேட்டவர்களே, இதில் நீங்கள் எடுத்துப்போக வேண்டியது இதுதான்: நமக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் அடையாளத்தை அழிக்காமல் காத்தால்தான், நமக்குப் பின்னால் வருகிறவர்கள் நம்முடையதையும் காப்பார்கள்.